பர்ரோ–எமனோ திராவிட வேர்ச்சொல் அகராதி: ‘வா’ங்கிற ஒரே சொல்ல வெச்சு சோதிச்சுப் பாத்த ரிவ்யூ

ஓசூர்ல சின்னதா ஒரு டிடிபி கடை வெச்சிருக்கேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, புதுமனை புகுவிழா, கடை திறப்பு நோட்டீஸ்னு எல்லாமே தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணுலயும் அடிச்சுக் குடுக்கணும், ஏன்னா இந்த ஊர் அப்படி, மாப்பிள்ளை வீடு ஒரு மொழி பொண்ணு வீடு ஒரு மொழி, சமையல்காரர் இன்னொரு மொழி. நாள் பூரா மூணு எழுத்தையும் மாத்தி மாத்தி அடிச்சுட்டு இருந்தா ஒரு கட்டத்துல சொல்லெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்கிறது கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சுடும். அப்படித்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடிச்சது.

எங்க தெருமுனை காய்கறிக் கடைக்காரர் ஆள் முகத்தைப் பாத்தே மொழியைக் கண்டுபிடிச்சுடுவாரு. தெரியலைன்னா மூணையும் ஒரே மூச்சுல சொல்லுவாரு: “வாங்க, பன்னி, ரண்டி!” நடுவுல இருக்கிறது கன்னடம். முதல் எழுத்த ‘பலூன்’ல வர்ற ‘ப’ மாதிரி அழுத்திச் சொல்லணும், வாங்கன்னு அர்த்தம். எங்கம்மா திருவண்ணாமலை பக்கத்துல இருந்து மொத தடவை இங்க வந்தப்போ இதைக் கேட்டு முகம் சிவந்து பையோட திரும்பி நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. நான்தான் ஓடிப்போய், “அம்மா, அது மரியாதையா கூப்பிடுறாரும்மா, நம்ம ‘வாங்க’தான் அது”ன்னு சொல்லி நிறுத்தினேன். “நம்ம வாங்கவா? அது எப்படிடா நம்ம வாங்க ஆகும்?”னு கேட்டாங்க பாருங்க, அந்தக் கேள்விக்கு என்கிட்ட அன்னைக்கு சரியான பதில் இல்ல. அந்த பதிலத் தேடிப் போனப்பதான் இந்த அகராதி கையில கிடைச்சது.

புக்கு பத்தி மொதல்ல சொல்லிடுறேன். தாமஸ் பர்ரோ, மரே எமனோ ரெண்டு பேரும் சேந்து தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி, ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடு. மொத பதிப்பு 1961, அதுக்கு ஒரு பின்னிணைப்பு 1968ல, எல்லாத்தையும் திருத்திச் சேத்து ரெண்டாம் பதிப்பு 1984ல. பர்ரோ ஆக்ஸ்ஃபோர்டுல சமஸ்கிருதப் பேராசிரியரா இருந்தவரு. எமனோ கனடாக்காரர், 1904ல பிறந்து 2005 வரைக்கும் வாழ்ந்த மனுஷன், 1935ல இருந்து 1938 வரைக்கும் நம்ம நாட்டுல தங்கி நீலகிரில தோடர்கிட்டயும் கோத்தர்கிட்டயும் உக்காந்து அவங்க சொல்ற சொல்ல அப்படியே காதால கேட்டு எழுதினவரு. எழுத்தே இல்லாத மொழிங்க அதெல்லாம். இதை ஏன் சொல்றேன்னா, மேசையில உக்காந்து பழைய அகராதிங்கள வெட்டி ஒட்டின புக்கு இல்ல இது, அந்த உழைப்பு ஒவ்வொரு பதிவுலயும் தெரியுது.

உள்ள 5500க்கு மேல பதிவு இருக்கு. ஒவ்வொரு பதிவும் ஒரு குடும்பம் மாதிரி. மொதல்ல தமிழ்ச் சொல், அப்புறம் மலையாளம், கோத்தா, தோடா, கன்னடம், குடகு, துளு, தெலுங்கு, அப்படியே வடக்க போய் கோலாமி, கோண்டி, குயி, குரூக், மால்ட்டோ, கடைசில பலுச்சிஸ்தான்ல பேசுற பிராகுயி. மொத்த வரிசையுமே தமிழ் அகரவரிசை. அதனால நமக்குத் தேடுறது சுலபம், அ-வுல ஆரம்பிச்சு வ-வுல முடியுது.

அந்த வ-வுலதான் எனக்கு வினை வந்தது. புது புக்கு நம்ம பட்ஜெட்டுக்கு ஒத்து வராதுன்னு ஒரு பழைய புத்தக வியாபாரிகிட்ட போன்லயே பேசி பணம் அனுப்பி வரவழைச்சேன். அட்டை நல்லாருக்கு, பைண்டிங் நல்லாருக்கு, ஆசையா ‘வா’வைத் தேடி கடைசிக்குப் போனா அங்க பக்கத்தையே காணோம். ‘வ’ல பாதிக்கு மேல இல்ல, யாரோ கத்தியால அறுத்த மாதிரி சுத்தமா போயிருக்கு. போன் பண்ணினா “அப்படியா சார், நாங்க எண்ணிப் பாக்கலையே”ன்னாரு, அதோட சரி, பணமும் வரல வேற பிரதியும் வரல. அந்த ராத்திரி கோபத்துல தேடினப்பதான் சிகாகோ பல்கலைக்கழகம் இதே அகராதிய முழுசா இணையத்துல இலவசமா வெச்சிருக்கிறது தெரிஞ்சது. ஒரு பைசா கிடையாது, பதிவு பண்ணணும்னு கூட இல்ல. நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்தோட தமிழ் லெக்சிகனும் அங்கயே இருக்கு. இந்த ரிவ்யூ அச்சுப் புக்கு, இணைய வடிவம் ரெண்டையும் சேத்துத்தான்.

ஒரு அகராதி நல்லதா இல்லையான்னு பாக்க நான் பெரிய சொல்ல எடுக்க மாட்டேன். தினம் நூறு தடவை வாயில வர்ற சொல்லத்தான் எடுப்பேன். அதனால ‘வா’.

பதிவைத் திறந்ததும் மொத சந்தோஷம், வா, வரு, வந்து எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ இருக்கு. நமக்கு இது பழகிப்போனதால தெரியல, ஆனா தமிழ் கத்துக்க வர்ற வெளியூர்க்காரங்களக் கேளுங்க, ‘வா’ன்னு சொல்லிக்குடுத்துட்டு ‘வாந்தான்’ இல்லப்பா ‘வந்தான்’, ‘வாவான்’ இல்லப்பா ‘வருவான்’னா அவங்க தலை சுத்திப் போகுது. குறில் ஒரு இடம், நெடில் ஒரு இடம், நடுவுல ஒரு ‘ர’ வந்து வந்து போகுது. யாழ்ப்பாணத்துல ‘வாறன்’, கன்னியாகுமரி பக்கம் ‘வாறேன்’, நமக்கு ‘வர்றேன்’. ஏன் இப்படின்னு அகராதி சொல்லல. இந்த அகராதி மூலச் சொல் எப்படி இருந்திருக்கும்னு ஊகிச்சு எழுதுறதே கிடையாது, கிடைச்ச சொல்ல வரிசையா அடுக்கி வெச்சுட்டு ஒதுங்கிக்கும். காரணம் வேணும்னா பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 2003ல கேம்பிரிட்ஜ் வழியா வெளியிட்ட திராவிட மொழிகள் புக்குக்குப் போகணும். அவரு சொல்றது என்னன்னா, ஆதியில இந்தச் சொல்லோட வயித்துல தொண்டைல இருந்து வர்ற ‘ஹ’ மாதிரி ஒரு ஒலி இருந்துச்சு, அது தேஞ்சு போன இடத்துல சில வடிவத்துல உயிர் நீண்டுச்சு, சிலதுல குறுகியே நின்னுடுச்சு, நம்ம ஆய்த எழுத்து கூட அந்தப் பழைய ஒலியோட மிச்சமா இருக்கலாம்னு. ‘தா, தரு, தந்து’வும் அச்சு அசல் இதே மாதிரி ஆடுறது பாருங்க, அப்ப இது தற்செயல் இல்ல, ரெண்டும் ரெட்டைப் பிள்ளைங்க.

இப்ப அம்மாவோட கேள்விக்கு வர்றேன். கன்னடத்துல சொல் முதல்ல இருந்த பழைய ‘வ’ எல்லாம் அந்த அழுத்தமான ‘ப’ ஆயிடுச்சு. நம்ம வேர் அவங்களுக்கு பேரு, வாழை பாளெ, வெண்ணெய் பெண்ணெ, விரல் பெரளு, வெள்ளி பெள்ளி. எல்லாத்துலயும் மொத எழுத்த ‘பலூன்’ ‘ப’வா படிங்க. அதே வழியில ‘வா’ அங்க ‘பா’, ‘வந்தான்’ ‘பந்தனு’. ஒரு சொல் மட்டும் மாறியிருந்தா ஏதோ வாய் குழறல்னு விட்டுடலாம், ஆனா படை மாதிரி மொத்தமா மாறுறப்போதான் அது விதி. அகராதில ‘வ’ பக்கங்கள மேல இருந்து கீழ ஓட்டிட்டே போனா கன்னட வரியில எல்லாம் இதே மாற்றம் திரும்பத் திரும்ப வருது, யாரும் பாடம் எடுக்காமலே விதி தானா மனசுல பதிஞ்சுடுது. எனக்கு இந்த அகராதில ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான்.

தெலுங்கு கதை இன்னும் அழகு. வச்சாடுன்னா வந்தான், அது புரியுது. ஆனா வான்னு கூப்பிட ‘ரா’! இதுக்கும் ‘வா’வுக்கும் என்ன சம்பந்தம்னு நான் பல வருஷம் யோசிச்சிருக்கேன். தெலுங்குக்கு ஒரு பழக்கம் உண்டு, சொல்லோட மொத உயிரத் தூக்கி பின்னாடி போட்டுட்டு மெய்ய முன்னாடி இழுத்துக்கும். உரல் அங்க ‘ரோலு’, உள் அங்க ‘லோ’, இரவு அங்க ‘ரேயி’. நாம கோடு போடுற, சித்திரம் எழுதுற ‘வரை’தான் அங்க ‘வ்ராயு’ ஆகி, எழுதுறதுன்னு அர்த்தம் வந்து, அப்புறம் அந்த ‘வ’வும் உதிர்ந்து ‘ராயி’ன்னு நிக்குது. அதே பாதைதான் இதுக்கும்: வரா, வ்ரா, ரா. நம்ம ‘வரு’ல இருக்கிற அந்த ‘ர’தான் அது. காய்கறிக்காரர் சொல்ற மூணும் ஒரே சொல்லுன்னு தெரிஞ்சப்போ நான் எந்திரிச்சுப் போய் அம்மாவுக்கு போன் போட்டேன்.

வடக்க போனா இன்னும் ஆச்சரியம். எங்க கடைக்கு சிப்காட் கம்பெனில வேலை பாக்கிற ஜார்க்கண்ட் பையன் ஒருத்தன் ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வருவான். ஒருநாள் போன்ல அவன் வீட்டோட பேசுறது இந்தி மாதிரி இல்லையேன்னு கேட்டேன், குரூக்னான். சட்டுனு அகராதி ஞாபகம் வந்து, “உங்க பாஷைல ‘ஆனா’வுக்கு என்ன?”னு இந்தில கேட்டேன், இந்தி ‘ஆனா’ன்னா வர்றது. “பர்னா”ன்னான், அதே ‘பலூன்’ ‘ப’. பதிவுல என்ன இருக்கோ அதேதான். நான் கன்னடத்துல ‘பருத்தினி’ன்னு சொல்லிக் காட்டினேன், தமிழ்ல ‘வர்றேன்’ சொன்னேன், அவன் ஒரு நிமிஷம் சும்மா நின்னுட்டு “எங்க பாஷைய இங்க யாரும் பேரு கேட்டதே இல்ல சார்”னான். 2011 கணக்குப்படி ஏறக்குறைய 20 லட்சம் பேர் பேசுற மொழி அது. அன்னைக்கு ஜெராக்ஸுக்கு காசு வாங்கல.

அதுக்கும் அப்பால பலுச்சிஸ்தான்ல பிராகுயி. சுத்தி பலோச்சி மொழி, சொற்கள்ல பெரும் பங்கு வெளியில இருந்து வந்தது, எண்ணுலயே ரெண்டையும் மூணையும் ‘இரட், முசிட்’னு வெச்சுக்கிட்டு நாலுல இருந்து கடன் வாங்கிட்டாங்க. அப்படிப்பட்ட மொழியில கூட வர்றதுக்கு ‘பன்னிங்’, அதோட அடி ‘பர்’. எத்தனையோ சொல்லப் பறிகொடுத்தாலும் வா, போ, தா மாதிரி சொல்ல மட்டும் மொழி லேசுல விடுறதில்ல.

இந்த அகராதி இன்னொரு பெரிய உதவி பண்ணுது, எது சொந்தம் இல்லைன்னும் சொல்லுது. ‘வாங்க வாங்க’ன்னு ஜவுளிக்கடை போர்டுல ரெண்டு அர்த்தத்துல போடுறாங்களே, விலைக்கு வாங்குறதும் ‘வா’வுல இருந்து வந்துச்சுன்னு நான் நம்பிட்டு இருந்தேன். கிடையாது. வாங்கு தனிப் பதிவு. அதுக்குப் பழைய அர்த்தம் வளையுறது, இழுக்கிறது, வில்ல வாங்குறதுன்னா வளைக்கிறது. நம்ம பக்கம் இழுத்துக்கிறதுல இருந்துதான் இப்ப காசு குடுத்து வாங்குறது வந்திருக்கு. வரின்னா கவர்மெண்டுக்கு வர்றது அதனால வரின்னு ஒருத்தர் வாட்ஸப்ல அனுப்பியிருந்தாரு, அதுவும் ‘வா’ இல்ல. கல்யாண வரன், வாந்தி, வாரம் இதெல்லாம் சமஸ்கிருதம், வாரிசு அரபி. ‘வ’ல ஆரம்பிச்சா எல்லாம் ‘வா’ ஆயிடாது. ஆனா வரவு, வருவாய், வரத்து, வருகை, வரலாறு இதெல்லாம் அசல் பிள்ளைங்க. வரலாறை வரல், ஆறுன்னு பிரிச்சுப் பாருங்க, வந்த வழின்னு அர்த்தம், இத விட நல்லா யாரு பேரு வைக்க முடியும்.

சரி, இனி குறை. வேரச் சொல்ற இந்த அகராதி அந்த வேர எப்படிப் புழங்கணும்னு சொல்லாது. ‘வர்றது’ன்னு ஒத்தைச் சொல்ல இங்கிலீஷ்ல எழுதிட்டுப் போயிடும். ஆனா ‘வா’வோட முழு ருசியே யாரு எங்க நின்னு யாருகிட்ட சொல்றாங்கங்கிறதுல இருக்கு. இதை தொல்காப்பியம் சொல்லதிகாரத்துல பளிச்சுனு சொல்லியிருக்கு: செலவு, வரவு, தரவு, கொடை நாலு சொல்லையும் எடுத்துக்கிட்டு, வர்றதும் தர்றதும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியது, மத்த ரெண்டும் படர்க்கைக்குன்னு. அதாவது என்கிட்டயும் உங்கிட்டயும்னா வரவு, அவன்கிட்டன்னா செலவு. எனக்குத் தா, உனக்குத் தர்றேன், அவனுக்குக் கொடு. நம்ம பேச்சுல இப்ப “எனக்குக் குடு”ன்னு சாதாரணமா சொல்லிடுறோம், ஆனா மலையாளத்துல பாருங்க, எனக்குன்னா ‘தரு’தான், அவனுக்குன்னா ‘கொடுக்கு’தான், மாத்திச் சொன்னா உடனே இவன் வெளியூர்னு கண்டுபிடிச்சுடுவாங்க. நாம எழுதி வெச்சுட்டு மறந்த விதிய அவங்க எழுதாமலே காப்பாத்தி வெச்சிருக்காங்க.

வரவு விஷயத்துல நாம இன்னும் விதிய விடல. நான் உங்க வீட்டுக்குக் கிளம்புறப்போ போன்ல “வர்றேன்”னுதான் சொல்வேன், “போறேன்”னு சொன்னா நீங்க வேற எங்கயோன்னு நினைப்பீங்க. இது உலகப் பொதுன்னு நினைச்சேன். எங்க கடைக்கு எதிர்த்த வீட்டுப் பொண்ணு ஜப்பானியக் கம்பெனி வேலைக்காக ஜப்பானிய மொழி கத்துக்குது. கூப்பிட்டா “இதோ வர்றேன்”னு சொல்லணும்னு வர்றதுக்கான சொல்லப் போட்டிருக்கு, டீச்சர் திருத்திட்டாங்களாம், ‘இமா இகிமாஸ்’னு சொல்லணும், அதாவது ‘இப்ப போறேன்’. அவங்களுக்கு வர்றதுன்னா பேசுறவன் நிக்கிற இடத்துக்குத்தான், கேக்கிறவன் இடத்துக்குன்னா போறதுதான். ஸ்பானிஷ்லயும் அப்படியே, அம்மா சாப்பிடக் கூப்பிட்டா பிள்ளை ‘யா வோய்’னு கத்தும், ‘இதோ போறேன்’! நம்ம வீட்டுல சாப்பிடக் கூப்பிட்டு எவனாவது ‘போறேன்’னு பதில் சொன்னா அடுப்படில இருந்து கரண்டி பறக்கும். ஜெர்மன்காரங்களும் இங்கிலீஷ்காரங்களும் நம்ம கட்சி, கேக்கிறவங்க பக்கம் நின்னு ‘வர்றேன்’ம்பாங்க.

அதே மாதிரி வீட்ட விட்டுக் கிளம்புறப்போ. போயிட்டு வர்றேன். தெலுங்குல ‘வெள்ளொஸ்தா’, கன்னடத்துல ‘ஹோக்பர்த்தீனி’, மலையாளத்துல ‘போயிட்டு வராம்’. நாலு வீட்டுலயும் போறேன்னு மட்டும் சொல்லிட்டு வாசப்படி தாண்ட விட மாட்டாங்க. எங்க தாத்தா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அன்னைக்கு வேன்ல ஏறிட்டு “சரி, நான் போறேன்”னாரு, பாட்டி கதவப் பிடிச்சுக்கிட்டு விடல, “வர்றேன்னு சொல்லு, சொல்லிட்டுப் போ”ன்னு நின்னாங்க. தாத்தா சொன்னாரு. ஒரு வினைச்சொல்லுக்குள்ள இவ்வளவு இருக்கு, எந்த அகராதிப் பதிவும் அதப் பிடிச்சு வைக்காது, அது அகராதியோட தப்பும் இல்ல.

அப்புறம் நமக்கு எல்லாமே ‘வருது’. தூக்கம் வருது, கோபம் வருது, காய்ச்சல் வருது, சாமி வருது, எனக்கு நீச்சல் வராது. கன்னடத்துல ‘நித்தெ பர்த்திதெ’, தெலுங்குல ‘நித்ர வஸ்தோந்தி’, இந்தில ‘நீந்த் ஆ ரஹீ ஹை’. “எனக்கு தெலுங்கு வராது”ங்கிறதையும் ‘நாக்கு தெலுகு ராது’ன்னு அதே வினைய வெச்சுத்தான் சொல்லுவாங்க, இந்திக்காரரும் அப்படித்தான். இந்தி வேற குடும்பம், அதோட வேருக்கும் நம்ம ‘வா’வுக்கும் சம்பந்தமே இல்ல, ஆனா பக்கத்து பக்கத்து வீட்டுல ஆயிரக்கணக்கான வருஷம் குடியிருந்தா பழக்கவழக்கம் ஒண்ணாயிடும்ல. இதே எமனோதான் 1956ல இந்தியாவ ஒரே மொழி வட்டாரமா பாக்கணும்னு ஒரு முக்கியமான கட்டுரை எழுதினாரு. வேர்ச்சொல் அகராதில அந்த எமனோவக் கொஞ்சம் காணோமேங்கிறதுதான் என்னோட வருத்தம். இந்த மாதிரி வேர் இல்லாம அர்த்தம் மட்டும் பக்கத்து மொழிக்குத் தாவுற விஷயத்துக்கு இதுல இடமே கிடையாது.

இன்னொன்னையும் சொல்லணும், இது திராவிடத்துக்கு மட்டும். வெளிய என்ன நடக்குதுன்னு ஒப்பிட்டுப் பாக்க ஆசைப்பட்டா நீங்களே வேற அகராதிக்குப் போகணும். நான் போனேன், காரணம் ஒரு கல்யாண போர்டு. மண்டப வாசல்ல வைக்க தமிழ்ல ‘நல்வரவு’, கன்னடத்துல ‘சுஸ்வாகத’, கீழ இங்கிலீஷ்ல ‘வெல்கம்’ அடிச்சுட்டு இருந்தேன். நல்வரவ பிரிச்சா நல்ல வரவு. ஸ்வாகதத்தப் பிரிச்சா சு, ஆகத, நல்லா வந்தது, அதுல இருக்கிற வினை சமஸ்கிருத ‘கம்’. வெல்கம் பழைய இங்கிலீஷ்ல ‘வில்குமா’, விரும்பி எதிர்பாத்த ஆளு வந்திருக்காருன்னு அர்த்தம், அப்புறம்தான் ‘வில்’ங்கிறது ‘வெல்’ ஆச்சு. பிரெஞ்சுல ‘பியான்வெனு’, அதுவும் நல்வரவேதான். இதுல சமஸ்கிருத ‘கம்’, இங்கிலீஷ் ‘கம்’, பிரெஞ்சுக்கு மூலமான லத்தீன் ‘வெனிரே’ மூணும் ஒரே ஆதி வேர். ‘கம்’மும் ‘கம்’மும் ஒரே மாதிரி கேக்குதேன்னு நம்பக் கூடாது, சத்தம் ஒத்துப் போறது சாட்சி ஆகாது, ஆனா இங்க நிஜமாவே உறவு, காதுக்கு ஒட்டவே ஒட்டாத ‘வெனிரே’வும் அதே அளவு உறவு. நம்ம ‘வா’ மட்டும் அந்த வீட்டுப் பிள்ளை இல்ல, ஆனா போர்டுல அதே வேலையத்தான் பாக்குது.

அங்க இருந்து நூல் பிடிச்சுட்டே போகலாம். பெங்களூர் ரோட்டுல கல்யாண மண்டபத்துக்கெல்லாம் இப்ப ‘கன்வென்ஷன் ஹால்’னு பேரு. ‘கன்’னா சேந்து, ‘வென்’னா வர்றது. நம்ம ஊர்ல ‘சங்கமம்’னு பேரு வெச்சா ‘சம்’னா சேந்து, ‘கம்’னா அதே வேர். தாலுகா ஆபீஸ் போர்டுல மேல வருவாய்த் துறை, கீழ ரெவின்யூ டிபார்ட்மெண்ட். ரெவின்யூ பிரெஞ்சுல திரும்பி வந்தது, வருவாய் தமிழ்ல வர்றது. கல்லூரி ஆண்டு விழா மலர ‘சுவனீர்’ம்பாங்களே, அதோட மூலத்துல ஞாபகம் உள்ள இருந்து மேல ஏறி வருதுன்னு அர்த்தம். நாமளும் ஞாபகம் ‘வருது’ன்னுதானே சொல்றோம். ஒண்ணப் பாத்து ஒண்ணு காப்பி அடிச்சதில்ல, பணமும் ஞாபகமும் விருந்தாளியும் நம்மள நோக்கி நடந்து வர்றதா மனுஷன் எங்க இருந்தாலும் பாத்திருக்கான்.

புழக்கத்துக்கு எப்படின்னு கேட்டா: உள்ள எல்லாமே ரோமன் எழுத்து, அதுவும் மேல கீழ புள்ளி, கோடு எல்லாம் வெச்சது. தமிழ் எழுத்து ஒண்ணு கூட கிடையாது, இதுக்குக் கண்ணு பழக எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு. மொழிப் பேரெல்லாம் சுருக்கம், மொதல்ல அந்த சுருக்கப் பட்டியல ஒரு தாள்ல எழுதி பக்கத்துல ஒட்டி வெச்சுக்கோங்க. விளக்கம் இங்கிலீஷ். இணையத்துல அர்த்தத்த வெச்சு தேடுறப்போ ‘வர்றது’க்கான இங்கிலீஷ் சொல்ல மட்டும் போட்டா நூத்துக்கணக்குல பதிவு கொட்டும், ஏன்னா ‘வெளிய வா’, ‘ஒண்ணா வா’ன்னு எல்லா விளக்கத்துலயும் அது கிடக்கும், தமிழ் வடிவத்த வெச்சு தேடுறதுதான் நல்லது. அச்சுப் பிரதில பின்னாடி ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியா சொல்லடைவு இருக்கு, தெலுங்குச் சொல்ல வெச்சு தமிழுக்கு வர அதுதான் வழி, அதுக்காகவே அச்சு வடிவம் வெச்சிருக்கலாம்.

யாருக்கு இது வேணும்? தமிழ்ல ஒரு சொல்லுக்கு இலக்கிய மேற்கோளோட அர்த்தம் வேணும்னா இது வேண்டாம், தமிழ் லெக்சிகன் போதும், 1924ல இருந்து 1936க்குள்ள ஆறு தொகுதியா வந்தது, வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியரா இருந்து முடிச்சுக் குடுத்தது, அதுக்கு ஈடு இன்னும் வரல. ஆனா எந்தச் சொல் எந்தச் சொல்லுக்கு சொந்தம்னு தெரியணும்னா, வாட்ஸப்ல வர்ற வேர்ச்சொல் ஆராய்ச்சிய அடுத்தவங்களுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை சரி பாக்கணும்னா, பல மொழி நடுவுல பிழைக்கிற என்ன மாதிரி ஆளுன்னா, இத விட்டா வேற இல்ல. தமிழ் வாத்தியாருங்க ஒவ்வொருத்தரும் ஒரு தடவையாவது திறந்து பாக்கணும், தமிழ் எல்லாத்துக்கும் தாய்னு மேடையில சொல்றத விட, ராஞ்சிப் பையன் ‘பர்னா’ன்னு சொல்றப்போ கிடைக்கிற சந்தோஷம் பெருசு.

என் மார்க்கு 5க்கு 4.5. அரை மார்க்கு குறைச்சது தமிழ் எழுத்து இல்லாததுக்கும், புழக்கத்தப் பத்தி ஒரு வரி கூட இல்லாததுக்கும்.

அச்சுல வாங்குறவங்க 1984 ரெண்டாம் பதிப்பான்னு கேட்டு வாங்குங்க, 1961 பதிப்பும் பழைய கடைகள்ல சுத்துது, ரெண்டுக்கும் பதிவு எண்ணு வேற வேற. பழைய பிரதின்னா நேர்ல போய், அட்டையப் பாக்காம நேரா கடைசிக்குப் போய் ‘வ’ பக்கம் எல்லாம் இருக்கான்னு ஒவ்வொண்ணா புரட்டிப் பாத்துட்டு காசு குடுங்க.